திபெத்திய எழுத்தைக் கணினியில் காட்டவும் தட்டவும்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

மைசூரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது பைலகுப்பே. திபெத்திலிருந்து வந்தவர்களுக்காக 1960களின் தொடக்கத்தில் காடு திருத்தி உருவாக்கிய குடியிருப்பு. அங்கே ஒரு முதிய துறவி லேப்டாப் வாங்கியிருந்தார். அதில் திபெத்திய மொழியை ஏற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தமிழில் தட்ட எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தவன் என்ற தெம்பில் போனேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திபெத்திய எழுத்து விழுகிற முறை ஒன்றைப் போட்டேன். ‘தாஷி தெலெக்’ என்று வணக்கமும் அடித்துக் காட்டினேன். பெரியவர் திரையைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எனக்கு ஏபிசிடி தெரியாதே” என்றார் இந்தியில். வாழ்நாள் முழுக்கச் சுவடி படித்தவர் கையில், ஆங்கில ஸ்பெல்லிங் தெரிந்தால் மட்டுமே எழுத்து வரும் ஒரு சாமானைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் மறுபடி பஸ் ஏறிப் போய் மாற்றிக் கொடுத்தேன்.

அந்த இரண்டாவது பஸ் டிக்கெட்டை நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். திபெத்திய மொழி படிக்கத் தொடங்கியவர்கள், பௌத்த நூல்களோடு வேலை செய்கிறவர்கள், பூட்டான் நண்பருக்குக் கணினி சரிசெய்து கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். பூட்டானின் சோங்கா மொழியும் இதே எழுத்தில்தான் எழுதப்படுகிறது. லடாக்கியும் அப்படியே.

முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன்னால் பிரவுசரில் திபெத்திய மொழி விக்கிபீடியாவைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த எந்த விண்டோஸிலும், 2007-இல் வந்த லெப்பர்டுக்குப் பிறகான எந்த மேக்கிலும் எழுத்து தானாகவே தெரிய வேண்டும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, கீபோர்டு மட்டும்தான் பாக்கி. இதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த ஃபான்ட்டையெல்லாம் இறக்கிப் போட்டுக் கணினியைக் குப்பைத்தொட்டி ஆக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெரியவில்லை என்றால், எப்படித் தெரியவில்லை என்று உற்றுப் பாருங்கள். வெறும் கட்டங்கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை என்று பொருள். இந்தக் கட்டங்களை ஆங்கிலக்காரர்கள் டோஃபு என்று கிண்டலாகச் சொல்வார்கள். கூகுளின் நோட்டோ ஃபான்ட் குடும்பத்துக்குப் பெயர் வந்ததே ‘நோ டோஃபு’ என்பதிலிருந்துதான். எழுத்து வருகிறது, ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்க வேண்டியவை தனித்தனியாகச் சிதறி, நடுநடுவே புள்ளி வைத்த வட்டங்கள் தெரிகின்றன என்றால் ஃபான்ட்டில் குறையில்லை. எழுத்தை அடுக்கிக் கொடுக்கிற மென்பொருள் பழையது. விண்டோஸ் எக்ஸ்பியில் இது சாதாரணம். எக்ஸ்பியோடு இப்போது மல்லுக்கட்ட வேண்டாம், வேறு கணினி பாருங்கள். உங்களுக்கு யாரோ அனுப்பிய கோப்பில் மட்டும் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கலந்து கிடக்கிறதா? அது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோடு முறைக்கு முந்திய கோப்பு. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆக, ஃபான்ட் ஒன்று, அடுக்கும் மென்பொருள் ஒன்று, கீபோர்டு ஒன்று. மூன்றும் தனித்தனி. ‘திபெத்தியம் வேலை செய்யவில்லை’ என்று யார் சொன்னாலும் இந்த மூன்றில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

எழுத்து எப்படி அடுக்கப்படுகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரியாமல் கீபோர்டில் கை வைத்தால் எது தவறு, எது சரி என்றே கண்டுபிடிக்க முடியாது.

திபெத்திய எழுத்தும் நம் எழுத்தைப் போலப் பிராமி வழிவந்ததுதான். ஏழாம் நூற்றாண்டில் சோங்ட்சென் காம்போ அரசர் காலத்தில் தொன்மி சம்போட்டா இந்தியாவுக்கு வந்து கற்றுப்போய் அமைத்தார் என்பது மரபு. மெய்யெழுத்து 30, உயிர்க்குறி 4. நம்மைப் போலவே மெய்க்குள் அகரம் அடக்கம். இதுவரை பழகிய சங்கதி.

பழகாத சங்கதி, ஓர் அசைக்குள் எழுத்துகள் நிற்கும் விதம். நடுவே ஒரு வேரெழுத்து. அதன் தலையில் ஒன்று ஏறலாம், காலில் ஒன்று தொங்கலாம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றோ இரண்டோ நிற்கலாம். ‘டுப்’ என்பதுபோல ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது. ‘நிறைவேற்றிய’ என்று பொருள். அதைப் பிரித்துப் பாருங்கள்: முன்னால் ப. அடுத்து ஒரு தூண்: உச்சியில் ஸ, அதன் கீழ் க, அதற்கும் கீழ் ர, எல்லாவற்றுக்கும் அடியில் உகரக் குறி. பின்னால் ப, கடைசியில் ஸ. சொல்லும்போது ஓர் அசை, எழுதும்போது ஏழு குறிகள். அவற்றில் பல ஒலிப்பதே இல்லை.

கணினிக்குள்ளும் அதே ஏழு குறிகள், அதே வரிசை: இடமிருந்து வலம், தூணுக்குள் மேலிருந்து கீழ், உயிர்க்குறி தூணின் முடிவில். இகரமும் எகரமும் ஒகரமும் கண்ணுக்குத் தலைக்கு மேல் தெரிந்தாலும், தட்டும்போது அடி மெய்யைத் தட்டி முடித்த பிறகே தட்ட வேண்டும். ‘கெ’யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் க-வைத்தான் முதலில் தட்டுகிறோமே, அதே நியாயம். வரிசை மாறினால் புள்ளி வட்டம் எட்டிப் பார்க்கும்.

நம் எழுத்தோடு முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் க-வோடு புள்ளியும் ஷ-வும் சேர்ந்தால் க்ஷ. புள்ளிதான் ஒட்டுப் போடுகிறது. திபெத்திய யூனிகோடில் அந்த ஒட்டு வேலைக்கு ஆளே இல்லை. மாறாக, ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு இடங்கள்: நிமிர்ந்து நிற்கும் ர-வுக்கு ஓர் எண், அடியில் தொங்கும் ர-வுக்கு வேறோர் எண். ஆகவே கீபோர்டிலும் ‘மேல் ர’, ‘கீழ் ர’ இரண்டையும் தட்ட வழி இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பில் திபெத்தியம் இருந்தது. 1993-இல் எடுத்துவிட்டார்கள். 1996-இல் வந்த 2.0 பதிப்பில்தான் இப்போதுள்ள அமைப்போடு திரும்ப வந்தது.

அசைக்கும் அசைக்கும் நடுவில், தோள் உயரத்தில் ஒரு சிறு புள்ளி வரும். பெயர் த்ஸெக். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் பழக்கம் இந்த மொழியில் இல்லை, த்ஸெக் மட்டும்தான். வாக்கியம் முடிந்தால் ஷே என்ற நெட்டைக் கோடு, அதற்குப் பிறகே இடைவெளி. கணினி வரியை மடக்குவதும் த்ஸெக்கைப் பார்த்துத்தான். சிலர் த்ஸெக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆங்கில முற்றுப்புள்ளியையோ மேற்கோள் குறியையோ வைத்து ஒப்பேற்றுவார்கள். பார்க்கக் கிட்டத்தட்ட அதேபோல இருக்கும். ஆனால் வரி சரியான இடத்தில் மடங்காது, தேடினால் சொல் கிடைக்காது.

எந்தக் கீபோர்டு? யாருக்கு?

நான் சறுக்கிய இடம் இதுதான். கணினியைப் பார்த்துக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தட்டப்போகும் ஆளைப் பாருங்கள்.

வெளியிலிருந்து மொழி கற்கிறவர் என்றால் வைலி முறை. டரல் வைலி என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் முன்வைத்த எழுத்துப்பெயர்ப்பு இது. திபெத்தியச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும், ஒலிக்கிறதோ இல்லையோ, ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுவது. பாடப்புத்தகங்களிலும் நூலக அட்டவணைகளிலும் இதுதான் புழக்கம் என்பதால், படிக்கிறவருக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய். மேலே சொன்ன ‘டுப்’பை பி, எஸ், ஜி, ஆர், யூ, பி, எஸ் என்று வரிசையாகத் தட்டினால் போதும். எது தலையில் ஏறும், எது காலில் தொங்கும் என்பதை மென்பொருளே இலக்கணப்படி முடிவு செய்யும். ஸ்பேஸ் தட்டினால் த்ஸெக், சாய்கோடு தட்டினால் ஷே, உண்மையான இடைவெளி வேண்டுமென்றால் அடிக்கோடு.

இரண்டு பொறிகள் உண்டு. நம் ஊரில் ஃபோனெடிக் முறையில் ‘அம்மா’ என்று அடித்துப் பழகியவர்கள் காதில் விழுகிறபடி அடிக்கப் பார்ப்பார்கள். வைலியில் அது நடக்காது. ‘தாஷி’ என்று அடித்தால் வேறு ஏதோ சொல் வரும். அதற்கு பி, கே, ஆர், ஏ, ஸ்பேஸ், எஸ், எச், ஐ, எஸ் என்று தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் தெரியாமல் வைலி கிடையாது.

இரண்டாவது பொறி, யாக் எருமை. யாக் என்ற சொல்லே திபெத்தியச் சொல்தான். அதில் க, ய, க என்று மூன்றெழுத்து பக்கம் பக்கமாக நிற்கும். முதல் க ஒலிக்காது. வைலியில் ஜி, ஒய், ஏ, ஜி என்று அடித்தால் மென்பொருள் ய-வை க-வின் காலில் தொங்கவிட்டு ‘க்யக்’ ஆக்கிவிடும். ஜி-க்கும் ஒய்-க்கும் நடுவே ஒரு புள்ளி தட்டினால்தான் எருமை வரும். சமஸ்கிருதச் சொற்களுக்கு நேர்மாறு. அவற்றில் வரும் அடுக்குகள் திபெத்திய இலக்கணத்தில் இல்லாதவை, அதனால் கூட்டல் குறி போட்டுச் சொல்ல வேண்டும். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்பதில் பத்மே-க்கு பி, ஏ, டி, கூட்டல் குறி, எம், இ. மணியில் வரும் ணகரத்துக்குப் பெரிய எழுத்து என். திரையில் விழுந்ததும் அந்த ண-வைக் கவனியுங்கள். திபெத்திய ந-வைக் கண்ணாடியில் காட்டிய மாதிரி திரும்பி நிற்கும். தங்கள் மொழியில் இல்லாத ட, ண ஒலிகளுக்கு த, ந எழுத்துகளையே திருப்பிப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். எனக்கு இந்த எழுத்தில் ரொம்பப் பிடித்த விஷயம் இது.

திபெத்தியம் தாய்மொழியாகப் படித்து வளர்ந்து, ஆங்கிலக் கீபோர்டு பழக்கமில்லாதவர் என்றால் வைலி வேண்டாம். பூட்டான் அரசின் சோங்கா மேம்பாட்டு ஆணையம் 2000-இல் வகுத்து, 2009-இல் திருத்திய சோங்கா கீபோர்டு இவர்களுக்குச் சுலபம். அதில் எழுத்துகள் நெடுங்கணக்கு வரிசையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. க்யூ விசையில் தொடங்கிக் கவர்க்கத்து நான்கு எழுத்து, பக்கத்தில் நான்கு உயிர்க்குறி, அப்படியே அடுத்த வர்க்கம். ஷிஃப்ட்டோடு தட்டினால் அதே எழுத்தின் கீழ் வடிவம். பைலகுப்பே பெரியவருக்குக் கடைசியில் நான் போட்டுக் கொடுத்தது இதுதான். விரலை வைத்துக்கொண்டு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வரிசையைச் சொல்லிக்கொண்டே போனார். நான்காவது எழுத்தில் சிரித்தார்.

தர்மசாலாவில் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்கள் என்றால், அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய கீபோர்டு எது என்று கேளுங்கள். மொன்லம் என்பார்கள். தர்மசாலாவில் உள்ள மொன்லம் மையத்தின் ஃபான்ட்டும் கீபோர்டும் அடங்கிய மென்பொருள் அது. அதே மையம்தான் 2022-இல் 223 தொகுதிகள் கொண்ட திபெத்தியப் பேரகராதியை வெளியிட்டது. பழகிய கையை மாற்ற முயலாதீர்கள்.

விண்டோஸில்

செட்டிங்ஸ் திறந்து, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய், ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ தட்டுங்கள். ‘ஆட் எ லாங்குவேஜ்’ பொத்தானை அழுத்தித் தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் திபெத்தன் என்றோ சோங்கா என்றோ அடியுங்கள். திபெத்தன் என்று அடித்தால் பக்கத்தில் சீனா என்று போட்டிருக்கும். நாட்டுப் பெயரைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு, தேவையில்லை, எழுத்து ஒன்றுதான். தேர்ந்தெடுத்து அடுத்த பக்கத்தில், ‘இதையே விண்டோஸின் மொழியாக வை’ என்ற பொருளில் ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு இன்ஸ்டால்.

கீபோர்டு மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ். எந்த விசையில் எந்த எழுத்து என்று பார்க்க விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு எழும்பும். ஷிஃப்ட்டை அழுத்தினால் அதன் முகம் மாறும். இதை ஒரு படம் எடுத்து அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவைப்பது முதல் மாதத்துக்குப் பெரிய உதவி. அதிலேயே த்ஸெக் எங்கே இருக்கிறது என்று முதல் வேலையாகக் கண்டுபிடித்துவிடுங்கள்.

வைலி வேண்டுமென்றால் விண்டோஸில் உள்ளே கிடையாது. கீமேன் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் தேடலில் திபெத்தியம் என்று தேடி வைலி வகைக் கீபோர்டைச் சேர்க்க வேண்டும். தமிழ் 99-ஐக் கீமேன் வழியாகப் போட்டவர்களுக்கு இது பழைய பாதைதான்.

மேக், லினக்ஸ், ஃபோன்

மேக்கில் வேலை குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், இன்புட் சோர்ஸஸ் பக்கத்தில் கூட்டல் குறியைத் தட்டித் திபெத்தன் எடுத்தால் மூன்று வகை நிற்கும்: குவெர்ட்டி, வைலி, ஓட்டானி. வைலி உள்ளேயே வருவதால் மாணவர்களுக்கு மேக் வசதி. கைலாசா ஃபான்ட்டும் கூடவே இருக்கிறது.

உபுண்டு மாதிரி லினக்ஸில் செட்டிங்ஸின் கீபோர்டு பகுதியிலேயே திபெத்தன், சோங்கா இரண்டும் கிடைக்கும். முதல் பட்டியலில் தெரியாவிட்டால் மூன்று புள்ளியைத் தட்டி ‘அதர்’ உள்ளே தேடுங்கள். வைலிக்கு, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளுக்கான எம்17என் பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். கட்டம் தெரிந்தால் திபெத்தன் மெஷின் யூனி ஃபான்ட் தனிப் பொதியாகக் கிடைக்கிறது.

ஐஃபோனில் திபெத்தியக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது.

ஃபான்ட்டும் வரி இடைவெளியும்

விண்டோஸோடு வரும் ஃபான்ட் மைக்ரோசாஃப்ட் ஹிமாலயா. தெளிவான எழுத்து, ஆனால் பொடி. பக்கத்தில் ஆங்கிலமோ தமிழோ 12 புள்ளியில் இருந்தால் இதை 20-க்கு மேல் வைத்தால்தான் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். முதல்முறை பார்க்கிறவர்கள் ஃபான்ட் கெட்டுப்போச்சு என்று நினைப்பது இதனால்தான். அச்சுக்குப் போகிற வேலை என்றால் நான் ஜோமொல்ஹாரியை எடுப்பேன். பூட்டான் எல்லைச் சிகரத்தின் பெயர் கொண்ட இந்த ஃபான்ட் சுவடி எழுத்தின் சாயலில் இருக்கும். திரைக்கு நோட்டோ செரிஃப் திபெத்தன் போதும். இரண்டும் இலவசம்.

இவையெல்லாம் உச்சென், அதாவது தலைக்கோடு போட்ட அச்செழுத்து. கடிதத்திலும் கையெழுத்திலும் ஓடுவது தலைக்கோடில்லாத உமே. யூனிகோடுக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபான்ட்டை மாற்றினால் உருவம் மாறும், அவ்வளவே. யாராவது உமே கீபோர்டு கேட்டால் அவர் கேட்பது உமே ஃபான்ட்.

தூண் உயரமாக இருப்பதால் வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் உகரக் குறி வெட்டுப்படும். வேர்டில் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருந்தால் அதுதான் வில்லன். ‘மல்டிபிள்’ என்று மாற்றி 1.5-இல் தொடங்குங்கள். லிப்ரே ஆஃபிஸில் இன்னொரு சூட்சுமம்: ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ டிக் செய்தால்தான் திபெத்தியத்துக்கென்று தனியாக ஃபான்ட்டும் அளவும் வைக்க முடியும். அதைச் செய்யாமல் ஃபான்ட் மாற்றி மாற்றிப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று ஒரு மாலை முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் அடுக்கு சிதறினால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கோப்புகள்

பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் தட்டிய தமிழ்க் கோப்பை வேறு கணினியில் திறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். திபெத்தியத்திலும் அதே கதை, இன்னும் சிக்கலாக. தமிழ் ஒரே ஃபான்ட் கோப்புக்குள் அடங்கிவிட்டது. திபெத்திய அடுக்குகளோ நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஒரே எழுத்துருவைப் பல கோப்புகளாக உடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சொல்லுக்குள்ளேயே ஃபான்ட் இரண்டு மூன்று முறை மாறும். அதனால் அந்தக் கோப்பிலிருந்து வெறும் எழுத்தை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எந்த எழுத்து எந்த ஃபான்ட்டைச் சேர்ந்தது என்ற தகவலே போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, யுனிவர்சல் திபெத்தன் ஃபான்ட் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் முழுக் கோப்பாகக் கொடுங்கள். மாறி வந்ததை மொழி தெரிந்தவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் பென்டிரைவில் மூன்று வரி கொண்ட ஒரு டெக்ஸ்ட் கோப்பு எப்போதும் இருக்கிறது: தாஷி தெலெக், ஏழு குறி ‘டுப்’, ஓம் மணி பத்மே ஹூம். புதிதாக எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் முதலில் அதைத் திறப்பேன். முதல் வரி கட்டமாக வந்தால் ஃபான்ட். இரண்டாவதில் தூண் உடைந்தால் பழைய மென்பொருள், அடியில் வெட்டுப்பட்டால் வரி இடைவெளி. மூன்றாவதில் ‘பத்மே’யின் அடுக்கு மட்டும் சரியாக விழவில்லை என்றால், அந்த ஃபான்ட்டில் சமஸ்கிருத அடுக்குகளைச் சேர்க்கவில்லை, வேறு ஃபான்ட் பார்க்க வேண்டும். மூன்றும் ஒழுங்காக நின்றால், எதிரில் இருப்பவரிடம் ஏபிசிடி தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கீபோர்டைத் திறப்பேன்.